இணையவழிக் கற்பித்தலும் கற்போர் குழாமும்: சண்டிலிப்பாயை முன்னிறுத்திய சில சிந்தனைகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அமைந்த சண்டிலிப்பாய், தமிழிலக்கிய வரலாற்றிற் கல்வளைப் பிள்ளையாரால் அறியப்படும் ஊராகும். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் பதினெட்டாம் நூற்றாண்டிற் பாடிய கல்வளை அந்தாதி இப்பிள்ளையார்மீது எழுந்தது. செய்யுள் நூல்கள் இப்பகுதியில் ஏட்டளவில் நின்றுவிடாமைக்குக் கோயில்களில் நிகழ்ந்த புராணபடனம் ஒரு பெருங்காரணம் எனலாம். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். கேட்போரிடையே அமர்ந்திருக்கும் கற்றறிந்தோர் பிழை கண்டவிடத்துத் திருத்துவர். சில வேளைகளில் வாதமும் எழும். அங்கே கேட்போரும் கற்பித்தலிற் பங்காளராயினர். இணையவழிக் கற்பித்தலை ஆராய முற்படும் நாம் இம்மரபிலிருந்து தொடங்குவது அதன் பொருட்டேயாம்.

2020 மார்ச்சில் கொவிட்-19 தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்பித்தல் சூம், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றுக்கு மாறிற்று. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு பாடசாலைகளை மீண்டும் மூடச்செய்தது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஒரு கைத்தொலைபேசியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்த வீடுகளும், தந்தை வேலையால் வந்த பின்னரே பாடத்தைக் காண முடிந்த வீடுகளும் உண்டு. கருவியின்மை பற்றி அக்காலத்தில் நிறையப் பேசப்பட்டது. கருவி இருந்தவிடத்தும் நேர்ந்த குறையே ஈண்டு நம் கவனத்துக்குரியது. பெரும்பாலும் ஆசிரியர் குறிப்புகளைப் படம்பிடித்து அனுப்பினார். மாணவர் கொப்பியிற் பார்த்தெழுதி, அதனையும் படம்பிடித்துத் திருப்பியனுப்பினர். ஒரே குழுவில் இருந்தும் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கவேண்டிய தேவை எழவில்லை. பழைய தபால்வழிக் கல்வி விரைவு பெற்றது, அவ்வளவே.

கரிசன், அன்டர்சன், ஆர்ச்சர் என்போர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இணையவழிக் கல்வி நிறைவுபெறச் சமூக இருப்பு, அறிவுசார் இருப்பு, கற்பித்தல் இருப்பு என்னும் மூன்றும் ஒருங்கே வேண்டும் என்றனர். அதே ஆண்டிற் கில்லி சல்மன் ஐந்து படிகளை வகுத்தார்: உள்நுழைதல், ஒருவரோடொருவர் பழகுதல், தகவல் பரிமாறல், கூடி அறிவை ஆக்கல், தாமே வளர்தல். நம் வகுப்புகள் முதற்படியிலிருந்து மூன்றாவதற்குத் தாவின. பழகுதல் வீண்பொழுதென எண்ணப்பட்டது போலும்!

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. மருத்துவம், பொறியியல் முதலான துறைகளுக்குப் பல்கலைக்கழக இடங்களிற் பெரும்பகுதி மாவட்ட அடிப்படையில் ஒதுக்கப்படுவதால், உயர்தர மாணவனுக்கு அருகிலிருக்கும் தோழனே போட்டியாளனுமாகின்றான். தான் அறிந்ததைக் குழுவிலிடுவது தன் இசட் புள்ளிக்குக் கேடு என அவன் அஞ்சுவதில் வியப்பில்லை. ஆதலின், கூடிக் கற்கும்படி அறிவுரை கூறுவதால் மட்டும் பயன் விளையாது. பிறர் பணியின்றித் தன் பணி முடியாதவாறு பாடத்தையே அமைத்தல் வேண்டும்.

கல்வளை அந்தாதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாக அமைவது அந்தாதி. ஐவர் கொண்ட குழுவில் ஆளுக்கொரு செய்யுளாக அடுத்தடுத்த ஐந்தைப் பகிர்ந்தளித்தால், தன் செய்யுளின் தொடக்கச் சொல் முன்னைய செய்யுளின் முடிவில் எப்பொருளில் நின்றது என்பதை அறிய, ஒவ்வொருவரும் மற்றவரை நாடியே தீரவேண்டும். வாசிப்பவர், பயன் சொல்பவர், ஐயம் எழுப்புபவர் என்னும் பணிகள் வாரந்தோறும் கைமாறலாம். இரண்டு நிமிடக் குரற்பதிவு போதுமானது. மின்சாரம் வந்தபோது கேட்டு, இயன்றபோது மறுமொழி கூறலாம். நேரலை வகுப்பைத் தவறவிட்ட பிள்ளையும் இதில் விடுபடாது.

ஆசிரியர் பணி இங்கு குறைவதில்லை. முதல் வாரம் பழகுதற்கென விடப்படல் வேண்டும். ஐயமொன்று எழுந்ததும் விடையை உடனே பதிவிடுதல் நல்லாசிரியர்க்கும் இயல்பான பழக்கமே. அவ்விடை வந்ததும் குழு ஓய்ந்துவிடும். ஒரு நாள் பொறுத்து, பின்னர் இரு மாணவர் கூறிய முரணான பொருள்களை எடுத்துக்காட்டி, மூன்றாமவர் ஒருவரைப் பெயர்சொல்லி அழைத்துக் கருத்துக் கேட்பதே ஏற்ற முறையென நாம் கருதுகின்றோம்.