அடக்க வேண்டிய வேகமும் அடக்கக் கூடாத வேகமும்

ஒரு வியாழக்கிழமை மாலை. மருந்தகத்தில் கூட்டம் குறைந்த நேரம். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. நாடி பார்க்கக் கையை நீட்டியவர், நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்:

"ஐயா, நோவு ஒண்ணுமில்ல. ரெண்டு நாளா கல்யாண டிரிப். சரியான தூக்கமில்ல. இன்னிக்கு ராத்திரி காலேஜ் பசங்களை வேன்ல ஏத்திக்கிட்டு ஊட்டிக்குப் போகணும். தூக்கம் வராம இருக்க ஏதாச்சும் சூரணம் குடுங்க."

"எத்தனை பேர் தம்பி?"

"இருபத்தி நாலு பசங்க. ரெண்டு வாத்தியாருங்க."

எனக்குப் பகீரென்றது. தூக்கத்துக்கு ஈடான மருந்து எந்த வைத்தியத்திலும் கிடையாது என்று சொல்லி, அவருடைய முதலாளியின் போன் நம்பரை வாங்கினேன். அதற்குப் பிறகு நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

பதினான்கு வேகங்கள்

வேகம் என்றால் நமக்கு வண்டியின் ஓட்டம்தான் நினைவுக்கு வரும். சித்த மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம் ஆகிய 14 இயற்கை உந்துதல்களையும் வேகங்கள் என்பார்கள். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது எங்கள் பால பாடம்.

சாலையில் நடப்பது என்ன? வண்டியின் வேகத்தை அடக்காமல் விட்டுவிட்டு, தூக்கம், கொட்டாவி, பசி, சிறுநீர் ஆகிய உடம்பின் வேகங்களை டிரைவர் அடக்குகிறார். எல்லாம் தலைகீழ்! மற்ற வேகங்களை அடக்கினால் நோய் மெதுவாக வரும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூக்கத்தை அடக்கினால் ஆபத்து அந்த நிமிஷமே வரும்.

நான்கு விநாடித் தூக்கம்

விடியற்காலை 2 மணியிலிருந்து 5 மணி வரை உடம்பு தூக்கத்துக்காக ஏங்கும் நேரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்சம் அசத்தும். அந்த நேரங்களில் கண் திறந்திருக்கும்போதே மூளை மூன்று, நான்கு விநாடி உறங்கிவிடுவதுண்டு. ஓட்டுபவருக்கே அது தெரியாது. 80 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 4 விநாடியில் ஏறக்குறைய 89 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தூரமும் ஓட்டுநர் இல்லாத வண்டிதான் அது!

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரைப் போலத் தடுமாறும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு விட்டிருக்கும் எல்லை 0.03 சதவீதம்தான். "எங்க டிரைவர் குடிக்க மாட்டார்" என்று நிம்மதியாக இருப்பவர்கள், "நேற்று அவர் தூங்கினாரா?" என்பதையும் கேட்க வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

40 கி.மீ. வேகத்தில் போகும் கார், ஆபத்தைக் கண்டு பிரேக் போட்டு நிற்க, நல்ல காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டர் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் அது 40 மீட்டர் ஆகுமா? இல்லை, 57 மீட்டர் வரை போகும். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். இது காருக்கான கணக்கு. ஆட்கள் நிறைந்த வேனும், மழை நனைத்த ரோடும் என்றால் இன்னும் அதிகம்.

பள்ளிப் பேருந்துக்கு 60 கி.மீ., சுற்றுலா வேன், பஸ்களுக்கு 80 கி.மீ. என வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தச் சொல்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

இப்போது அந்த ஊட்டிப் பயணத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து சுமார் 550 கி.மீ. ராத்திரி 9 மணிக்குக் கிளம்பி, காலை 6 மணிக்கு ஊட்டியில் இறங்குவதாக நோட்டீஸ் போட்டிருந்தார்கள். மலைப்பாதை 50 கி.மீ.க்கு 2 மணி நேரம் வேண்டும். வழியில் இரண்டு இடத்தில் அரை அரை மணி நிறுத்தினால், மிச்சம் 500 கி.மீ.க்கு 6 மணி நேரம்தான் கிடைக்கும். அதாவது மணிக்கு 83 கி.மீ. சராசரி! டிரைவர் ஏன் பறக்கிறார் என்று இப்போது புரிகிறதா? நோட்டீஸ் போட்டவர்தான் பறக்க வைக்கிறார்.

சட்டமும் இதைக் கண்டுகொண்டிருக்கிறது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு, வேக வரம்பை மீறாமல் முடிக்கவே முடியாத கால அட்டவணையைப் போடுவதும் அந்தக் குற்றத்துக்குச் சான்றாகும் என்கிறது. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நடப்பில் இருந்தபோது, சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று அது வகுத்திருந்தது. 5 மணி நேரத்துக்கு மேல் போவதற்குள் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது. நீண்ட பயணத்துக்கு இரண்டு டிரைவர் என்பது ஆடம்பரமல்ல.

டிரைவர் கவனத்துக்கு

★ ஜலதோஷம், அரிப்பு, வாந்திக்கான சில மாத்திரைகள் அசத்திவிடும். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். எங்கள் மருந்திலும் ஜாதிக்காய், அமுக்கரா போன்றவை தூக்கத்துக்குக் கொடுப்பவை. ஓட்டும் நாளில் வேண்டாம்.

★ எண்ணெய் முழுக்குப் போட்ட அன்று அசதி வரும். வண்டி எடுக்காதீர்கள்.

★ பரோட்டா, பிரியாணி என்று வயிறு முட்டச் சாப்பிடாமல், இட்லி, இடியாப்பம் என்று அளவாகச் சாப்பிடுங்கள்.

★ கொட்டாவி அடுத்தடுத்து வந்தால் ஓரமாக நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு, 20 நிமிஷம் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்ய 20 நிமிஷத்துக்கு மேல் ஆகும். முகத்தில் தண்ணீர் அடிப்பதும், சத்தமாகப் பாட்டு வைப்பதும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

★ மலையிலிருந்து இறங்கும்போது குறைந்த கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது விதி.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை

பின்சீட்டிலிருந்து, "அண்ணே, அந்த பஸ்ஸை முந்துங்கண்ணே!" என்று உசுப்பேற்றாதீர்கள். இளவயதில் அது குஷி. அவருக்கோ மானப் பிரச்சினை ஆகிவிடும். ஜன்னலுக்கு வெளியே தலை, கை நீட்டாதீர்கள். ஓடும் வண்டியில் எழுந்து ஆடாதீர்கள். பெல்ட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வருபவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பாருங்கள். ஒரு துண்டு இஞ்சியை மெல்லுங்கள். மலையில் மெதுவாகப் போனாலே பாதி வாந்தி நின்றுவிடும்!

அப்புறம் என்ன ஆயிற்று?

முதலாளி முதலில் சலித்துக்கொண்டார். "அட்வான்ஸ் வாங்கியாச்சு சார்" என்றார். "உங்க பிள்ளை அந்த வேன்ல இருந்தா ராத்திரி அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கல்லூரிக்குப் பேசினார். வேன் மறுநாள் காலை 5 மணிக்கு, இரண்டு டிரைவர்களோடு கிளம்பியது.

பத்து நாள் கழித்து அந்தத் தம்பி வந்தார். "பசங்க ஒரு பகல் வீணாப் போச்சுன்னு திட்டினாங்கய்யா. போட் ஹவுஸ் பார்க்க முடியலையாம்" என்று சிரித்தார். கண்கள் தெளிவாக இருந்தன.

உங்கள் வீட்டுப் பிள்ளை டூருக்குப் பணம் கேட்கும்போது, பணத்தோடு சேர்த்து நான்கு கேள்விகளையும் கொடுத்தனுப்புங்கள். எத்தனை டிரைவர்? முந்தின ராத்திரி அவர்கள் எங்கே தூங்கினார்கள்? வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? எங்கெல்லாம் நிற்கும்? ஆசிரியர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. போட் ஹவுஸ் அடுத்த வருஷமும் அங்கேயேதான் இருக்கும்.