மரச்சீனியில் உறங்கும் நஞ்சு

சேலத்துக்காரனாகிய எனக்கு அது குச்சிக்கிழங்கு, இவ்வூரார்க்கு மரச்சீனி, மலையாள நண்பர் பலர்க்குக் கப்பை. பெயர் பல, பொருள் ஒன்றே. தென் அமெரிக்காவில் தோன்றிய இச்செடியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. 1942-இல் பர்மா அரிசி நின்றபோது இங்குள்ள ஏழைகளின் வயிற்றைக் காத்ததும் இக்கிழங்கே. அதற்குள் சயனைடு உறங்குகிறது என்றால் நம்புவீர்களா?

மரச்சீனியின் உயிரணுக்களில் 'லினமாரின்' என்ற பொருள் உண்டு. அதில் சயனைடு சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. அப்பிணைப்பை அவிழ்க்கும் 'லினமாரேஸ்' என்னும் நொதி வேறோரிடத்தில் இருக்கிறது. பூட்டு ஓரிடம், சாவி ஓரிடம்! ஆடோ பூச்சியோ கடித்தால் உயிரணு உடைந்து இரண்டும் கலக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. ஓடி ஒளிய முடியாத செடிக்கு இதுவே படைக்கலம். கசப்பு வாதுமை, ஆப்பிள் விதை, மூங்கிற் குருத்து ஆகியவையும் இம்முறையையே கையாளுகின்றன. குருதியில் பிராணவாயு நிறைந்திருந்தும் உயிரணுக்கள் அதைப் பயன்படுத்த இயலாமற் செய்வதே இந்நஞ்சின் வேலை.

அப்படியாயின் நாம் எவ்வாறு உயிரோடிருக்கிறோம்? நம் தாய்மாரின் அடுக்களை அறிவால்தான். தோலில் நஞ்சு மிகுதி, ஆகவே உரிக்கின்றனர். சிறு துண்டுகளாக நறுக்கும்போது நொதி தன் வேலையைச் செய்கிறது. ஹைட்ரஜன் சயனைடு 26 பாகை வெப்பத்திலேயே கொதிப்பதால் ஆவியாகிப் போகிறது. எஞ்சிய லினமாரின் நீரிற் கரைகிறது. வேகவைத்த நீரை வடித்துக் கொட்டினால் அதுவும் நீங்குகிறது. முழுக்கிழங்கைக் கொதிநீரில் போட்டாலோ, நொதி முதலில் அழிந்து லினமாரின் பெரிதும் தங்கிவிடும். சுடுவதும் போதாது. தொட்டுக்கொள்ளும் மீன்குழம்பிலும் பொருளுண்டு: மீனின் புரதத்திலுள்ள கந்தகத்தைக் கொண்டு, எஞ்சிய சிறிதளவு சயனைடை உடல் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது.

இம்முறை தவறினால் வருவதென்ன? 1981-இல் மொசாம்பிக் நாட்டில் பஞ்சம். பசி பொறாத மக்கள் கசப்புக் கிழங்கைச் சரிவரப் பக்குவப்படுத்தாமல் உண்டனர். உடன் உண்ணப் புரதமும் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கால் விளங்காமற் போயினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

நம் காரியவட்டத்துக்கு அருகே, ஸ்ரீகாரியத்தில் 1963-இல் தொடங்கிய மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம், மரச்சீனி இலையின் நஞ்சிலிருந்தே வாழையைத் தாக்கும் பூச்சிகளுக்கு மருந்து கண்டிருக்கிறது. அறிந்தவன் கையில் நஞ்சும் பணியாள்!

விடுதி அறையில் தாமே சமைக்கும் நண்பர்களே, கசக்கும் கிழங்கைத் தள்ளுங்கள். நறுக்கி, நிறைய நீரில், மூடாமல் வேகவையுங்கள். நீரை வடித்து விடுங்கள். பிறகு அச்சமின்றி உண்ணுங்கள்.