மாஸ்டர்ஸ் படிக்கலாமா, வேலைக்குப் போகலாமா?

காரைக்குடில பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க: "அண்ணா, கையில ஒரு ஆஃபர் இருக்கு. வீட்டுல எம்.சி.ஏ. முடிச்சிட்டு வேலைக்குப் போன்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?"

இந்த ரெண்டு வழியையும் நல்லாப் பார்த்த ஊருதான் அவங்க ஊரு. பர்மா, மலாயா போன நகரத்தார் தொழில் கத்துக்கிட்டது கடையிலதான். பெட்டியடிப் பையனாச் சேர்ந்து, அடுத்தாளாகி, அப்புறம்தான் ஏஜெண்ட். அதே சமூகத்துல பிறந்த அழகப்பச் செட்டியார், 1947ல காரைக்குடில கலைக்கல்லூரி தொடங்கினார். சிக்ரி ஆய்வகம் இங்க வர்றதுக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். கடையில கத்துக்கிறதுக்கு ஒரு பயன், கல்லூரிக்கு வேற ஒரு பயன்.

சாஃப்ட்வேர்லயும் இதே கதைதான். ஜோஹோ பல வருஷமா, பிளஸ் டூ முடிச்ச பசங்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருது. கோடு எழுத மாஸ்டர்ஸ் கட்டாயம் இல்லைங்க.

அப்போ யாருக்குத்தான் வேணும்? நான் மூணு பேரைச் சொல்லுவேன்.

ஒண்ணு, கல்லூரில பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்குப் போகவோ நினைக்கிறவங்க. மூணு வருஷ டிகிரி படிச்சவங்க நெட், செட் தேர்வு எழுத முதுகலை வேணும். ரெண்டு, மூணு வருஷ டிகிரியோட வெளிநாடு போக நினைக்கிறவங்க. அமெரிக்காவுல பல பல்கலைக்கழகங்கள் 16 வருஷப் படிப்பு கேக்குது; பி.எஸ்ஸி.யோட நமக்கு 15தான் ஆகுது. பி.இ. படிச்சவங்களுக்கு இந்தக் கவலை இல்லை. மூணு, கணிதம், இயற்பியல் மாதிரி வேற பாடம் படிச்சிட்டு இந்தத் துறைக்கு வர்றவங்க. அவங்களுக்கு அடிப்படையை ஒழுங்காக் கத்துக்க நேரம் வேணும்.

இப்போ செட்டிநாட்டுப் பேரேடு மாதிரி பற்று, வரவு போட்டுப் பார்ப்போம். முன்னாடி எம்.சி.ஏ. 3 வருஷம், 2020-21ல இருந்து 2 வருஷம். ஆஃபர்ல மாசம் 25,000 ரூபாய்னு வச்சுக்கங்க. 2 வருஷத்துல 6 லட்சம் கைவிட்டுப் போகுது. அதோட ஃபீஸ், ஹாஸ்டல். கடன் வாங்கினா வட்டி. வேலையில கிடைக்கிற 2 வருஷ அனுபவமும் இந்தப் பக்கம்தான் வரும். எதிர்ப்பக்கம் என்ன எழுதப்போறீங்க? "எல்லாரும் படிக்கிறாங்க", "இப்போதைக்கு வேலை வேணாம்"னு எழுதினா அது வரவே இல்லை.

ஒரே ஒரு விஷயம் கணக்கை மாத்தும். கேட் தேர்வுல நல்ல மதிப்பெண் எடுத்து எம்.டெக். சேர்றவங்களுக்கு மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனா அந்த எம்.டெக்.குக்குப் பொதுவா பி.இ. இல்லைன்னா எம்.சி.ஏ. மாதிரி படிப்பு முடிச்சிருக்கணும்.

நடுவுல ஒரு வழியும் இருக்கு. வேலை பார்த்துக்கிட்டே தொலைநிலைக் கல்வில படிக்கலாம். சேர்றதுக்கு முன்னாடி அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கான்னு மட்டும் பார்த்துடுங்க.

தங்கச்சிக்கு என் பதில்: பேராசிரியர் வேலையோ வெளிநாடோ மனசுல இல்லைன்னா, ஆஃபரை எடுத்துக்கம்மா. எம்.சி.ஏ. 2 வருஷம் கழிச்சும் இருக்கும். இந்த ஆஃபர் இருக்காது. அப்பாகிட்ட வாக்குவாதம் வேணாம். ஒரு தாள்ல இந்தப் பற்று, வரவை எழுதிக் காட்டு. கணக்குப் பார்த்துப் பழகின ஊரு, புரிஞ்சுக்குவாங்க.