ஊர் தேடி வரும் பொருட்காட்சி

கற்றோர் உலகம் இரு கூறாகப் பிளவுபட்டுள்ளது என்றும், விஞ்ஞானிகளும் இலக்கியவாணரும் ஒருவர் மொழியை மற்றவர் அறியாதிருக்கின்றனர் என்றும் சி. பி. சினோ என்னும் ஆங்கில அறிஞர் 1959 ஆம் ஆண்டு கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவில் எடுத்துரைத்தார். அப்பிளவைப் பற்றிப் பேசினோர் பலர். அதனை நீக்க முயன்றோர் சிலரே. அத்தகைய முயற்சியொன்று பெரும் பல்கலைக்கழகங்களிலன்றி, ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்களிலே நடைபெற்று வருதல் நோக்கத்தக்கது.

சேமிசு சிமித்சன் என்னும் ஆங்கில இரசாயனவியலாளர் அமெரிக்காவை ஒருநாளும் கண்டவரல்லர். எனினும் அவர் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டே 1846 இல் வாசிங்டன் நகரில் சிமித்சோனியன் நிறுவனம் தோன்றியது. தலைநகருக்கு வர இயலாதோர்க்கும் அறிவு சென்றடைதல் வேண்டுமென்று அந்நிறுவனம் 1952 இல் பயணப் பொருட்காட்சிப் பிரிவொன்றை அமைத்தது. 1994 முதல், மாநிலங்களின் மானிடக் கலைக் கழகங்களோடு கைகோத்து, சிற்றூர் நூதனசாலைகளுக்கெனத் தனியே பொருட்காட்சிகளை அனுப்பி வருகின்றது. பெட்டிகளில் வந்து சேரும் பகுதிகளை ஊரவரே பொருத்தி நிறுத்துவர். ஏறத்தாழ ஆறு வாரம் அங்கே தங்கியபின் பொருட்காட்சி அடுத்த ஊருக்குச் செல்லும்.

2016 இல் புறப்பட்ட 'நீர்வழிகள்' என்னும் பொருட்காட்சி இவற்றுட் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். நியூயோர்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையும் மினசோட்டா விஞ்ஞான நூதனசாலையும் அமைத்த பெரியதொரு பொருட்காட்சியிலிருந்து இது உருவாக்கப்பட்டது. நீர் ஆவியாகி மழையாகும் வட்டத்தைக் காட்டுவதோடு அது நிற்கவில்லை. ஆற்றங்கரையிலே குடியிருப்புகள் எழுந்த வரலாறு, சமயச் சடங்குகளில் நீர் பெறும் இடம், நீருரிமை பற்றிய பூசல்கள் ஆகியனவும் அதனுள் இடம்பெற்றன.

இவ்விரு துறைகளும் இணைய வேண்டியதன் காரணத்தை மினசோட்டா மாநிலத்தின் தென்கிழக்குப் பகுதியிற் காணலாம். பொருட்காட்சி சென்ற ஊர்களுள் ஒன்றாகிய இலேன்சுபரோ அப்பகுதியிலுள்ளது. ஆயிரம் பேரும் வாழாத சிற்றூர் அது. அங்கு நிலத்தின் கீழிருப்பது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல். வயலில் இட்ட பசளையின் நைத்திரேற்று மழைநீரோடு விரைந்து கீழிறங்கிக் கிணற்றை அடைகின்றது. இலீற்றருக்கு 10 மில்லிகிராம் நைதரசன் என்னும் அளவை நைத்திரேற்று விஞ்சலாகாதென்பது அந்நாட்டு விதி. மிகுந்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழக்கும். உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கே இடர் நேரும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரைக் காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

பாட்டன் பருகிய கிணறு என்னும் நம்பிக்கை ஈண்டு துணைசெய்யாது. சோதனைக்கூடமே உண்மையைக் கூறவல்லது. ஆயினும், சோதனைக்கூடத்தின் எண்ணை மட்டும் சுவரில் ஒட்டினால் உழவன் அதனைத் தன்மீது சுமத்திய குற்றமாகவே கொள்வான். நிலத்தை அவன் எவ்வாறு பெற்றான், கடனும் விலைவீழ்ச்சியும் அவனை எவ்வாறு நெருக்கின, கிணறு அவன் குடும்பத்திற்கு யாது என்பனவற்றைக் கேட்பது வரலாற்றின் பணி. விஞ்ஞானம் நீரில் உள்ளதை உரைக்கும். அதனைப் பருகுவோர் உள்ளத்தில் உள்ளதை மானிடக் கலைகள் உரைக்கும். இரண்டையும் ஒருங்கே கேட்ட ஊரே தன் நீரைக் காக்க முன்வரும்.

இதனை உணர்ந்தே மினசோட்டா மானிடக் கலை நிலையம், மாசுக் கட்டுப்பாடு, சுகாதாரம் முதலிய அரச பிரிவுகளோடு சேர்ந்து, உள்ளூர் மக்களின் நீர் அனுபவங்களைத் திரட்டிப் பொருட்காட்சியோடு இணைத்தது. ஊரவர் தம் சொந்தக் கதைகளைச் சேர்ப்பதற்கும் இடம் விடப்பட்டது. வந்த பொருட்காட்சி ஊரின் பொருட்காட்சியாக மாறும் இடம் இதுவே. ஆறு வாரத்தில் பெட்டிகள் போய்விடும். ஆசிரியரும் உழவரும் நீர்ச்சோதனை அலுவலரும் கூடிப் பேசிய பழக்கமோ ஊரிலே தங்கும்.

இச்செய்தி யாழ்ப்பாணக் குடாநாட்டிற்குப் புறம்பானதன்று. வற்றாத ஆறு இங்கில்லை. சுண்ணாம்புக்கல்லிற் சேரும் மழைநீரே கிணறுகளின் முதல். பசளையாலும் மலக்குழிகளாலும் இங்கும் பல கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. துலா மிதித்த கதையை அறிந்த முதியோர் ஊரிலுள்ளனர். நீரைச் சோதிக்கக் கற்ற மாணவர் கல்லூரியிலுள்ளனர். இவ்விரு சாராரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்வதற்குப் பெரிய நூதனசாலை வேண்டுவதன்று. ஊர் வாசிகசாலையின் ஒரு மண்டபமே அமையும்.