20 செ.மீ., 4 செ.மீ., 21,000 ரூபாய்

சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் ஆணுக்கு ஏறக்குறைய 20 செ.மீ., பெண்ணுக்கு 4. அதில் புற்று வந்தால் எவ்வளவு வெட்டுவது என்பதை முதலில் தீர்மானிப்பது கட்டி இருக்கும் இடம்.

நோய் மிக அரிது. 1973–2002 அமெரிக்கப் பதிவுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் ஆண்களில் 4.3 பேர், பெண்களில் 1.5 பேர். 2011 கணக்கெடுப்பில் கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள்தொகை 18.8 லட்சம், அதே வீதத்தைப் போட்டால் ஆண்டுக்கு ஐந்தாறு பேர். இங்கே இளவயதினர் அதிகம், ஆகவே அதற்கும் குறைவு. இந்த மாவட்டத்து ஓசூரில் ஒரு பொது மருத்துவர் கடைசிவரை ஒருவரைக்கூடப் பார்க்காமலே போகலாம். சிக்கலும் அதுதான்: கடுப்பு என்றால் தொற்று மாத்திரை, சொட்டுச் சொட்டாகப் போனால் அடைப்பை விரித்துவிடுவது. ரத்தம் வந்தாலோ அடைப்பு திரும்பத் திரும்ப வந்தாலோ உள்ளே கேமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆண்களில் சுமார் 60 விழுக்காடு கட்டிகள் விதைப்பைக்குப் பின்னுள்ள ஆழப் பகுதியில், 30 ஆண்குறிப் பகுதியில், 10 புராஸ்டேட்டுக்குள். பெண்களிடம் சுரப்பித் திசுப் புற்றின் பங்கு கூடுதல். நுனியில் சிறு கட்டி என்றால் சில மில்லிமீட்டர் நல்ல சதையோடு வெட்டினால் போதும். ஆழத்தில் பரவியிருந்தால் சிஸ்பிளாட்டின் கலந்த கீமோ, பிறகு சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும் போகும். பெண்ணுக்குப் பிறப்புறுப்பின் முன்சுவரும் போகும். செதில்செல் வகைக்குக் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுத்து உறுப்பைக் காப்பாற்றிப் பார்க்கலாம்.

சிகிச்சைக்கு ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கி.மீ. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை அங்கே ஓசூர் சாலையை ஒட்டியே இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 300 கி.மீ.க்கு மேல்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இன்னொரு கணக்கு உண்டு. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 157.50, முதலாளி பங்கு 3.25, அதாவது 682.50. நாள் சம்பளம் 700 என்று வைத்தால், சாதாரண நோய்விடுப்புக்கு 70 விழுக்காடு: நாளுக்கு 490 வீதம் ஆண்டுக்கு 91 நாள், 44,590 ரூபாய். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் 80 விழுக்காடு, அதிகபட்சம் 2 ஆண்டு: 560 பெருக்கல் 730, ஆக 4,08,800.

இந்தப் பெரிய தொகைக்கு 2 ஆண்டுத் தொடர் வேலையும் 156 நாள் சந்தாவும் வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது இஎஸ்ஐ எண் போட்டுவிடுகிறார்கள். பழைய சந்தா பழைய எண்ணிலேயே கிடக்கும். புது இடத்தில் சேரும்போதே பழைய எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.