உப்பில்லாத கருவாடு

இத்தாலியின் வடகிழக்கில் இருக்கும் விசென்சா நகரத்துக்குக் கடற்கரை இல்லை. ஆனாலும் உங்கள் ஊருக்குப் பேர்போன சாப்பாடு எது என்று அங்கே கேட்டால், ஒரு மீன் பதார்த்தத்தைத்தான் சொல்வார்கள். அந்த மீன் மத்திய தரைக்கடல் முழுக்க வலை போட்டாலும் சிக்காது. ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் பிடித்துக் காயவைத்த காட் மீன் அது.

காட் மீனை நமக்குத் தெரியாவிட்டாலும் அதன் ஈரல் எண்ணெயைத் தெரியும். காட் லிவர் ஆயில் என்று மருந்துக் கடைகளில் மாத்திரையாக விற்கிறதே, அதுதான். இந்த மீன் தன் கொழுப்பையெல்லாம் ஈரலில் சேர்த்துக்கொள்கிறது. சதையில் கொழுப்பு அநேகமாக இல்லை. லொஃபோட்டன் வணிகத்துக்கு அடிப்படையே இந்த உடலமைப்புதான். மத்தி, ஹெர்ரிங் மாதிரியான கொழுத்த மீனைச் சும்மா காற்றில் தொங்கவிட்டால், கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிக்குவாடை அடிக்கத் தொடங்கிவிடும். காட் சதையில் அந்தத் தொல்லை கிடையாது. தண்ணீரை மட்டும் வெளியேற்றிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கெடாது.

தண்ணீரை வெளியேற்றும் வேலையை லொஃபோட்டனின் குளிர்காலம் செய்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிட இந்தத் தீவுகளை நோக்கிக் கூட்டங்கூட்டமாக வருகின்றன. உலகின் வேறு பகுதிகளில் இதே அட்சரேகையில் எல்லாம் உறைந்து கிடக்கும். அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரோட்டம் தொட்டுச் செல்வதால், இங்கே வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது. கடுங்குளிர் அடித்தால் சதைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி நாரைக் கிழித்துவிடும், மீன் பொலபொலவென்று உதிரும். வெயில் கூடினால் ஈயும் பாக்டீரியாவும் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் குறுகிய இடைவெளியில்தான் கடற்காற்று மீனை மெல்ல மெல்ல உலர்த்துகிறது. நம் ஊர்க் கருவாட்டில் உப்பு செய்கிற காவல் வேலையை அங்கே குளிர் செய்கிறது. குளிரை விட்டால் வேறு வழியுமில்லை. உப்பளம் அமைக்கும் அளவுக்கு அந்தப் பக்கத்துச் சூரியனுக்குச் சூடு போதாது.

பிடித்த மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, இரண்டிரண்டாக வாலோடு வால் கட்டி, ஆளுயரத்துக்கு மேலே எழும்பும் மரப் பரண்களில் தொங்கவிடுகிறார்கள். சுமார் மூன்று மாதம் வெளியே காற்றில். பிறகு இரண்டு மூன்று மாதம் காற்றோட்டமான கொட்டகையில். ஐந்து கிலோ மீன் ஒரு கிலோவாகச் சுருங்கி, விறகுக் கட்டை மாதிரி இறுகிவிடும். எதுவும் வீணாவதில்லை. தலைகள் தனியாகக் காய்ந்து நைஜீரியாவின் சூப்புக்குப் போகின்றன. நாக்குகளைச் சீவி எடுத்து விற்கும் வேலை பள்ளிப் பிள்ளைகளுடையது; அதில் வரும் காசும் அவர்களுக்கே.

காய்ந்த மீன் அடுத்து தரம் பிரிப்பவரின் கைக்கு வருகிறது. அவருக்கு அங்கே வ்ராக்கர் என்று பெயர். ஒவ்வொரு மீனையும் எடுத்து நீளம் பார்க்கிறார், வயிற்றுப் பகுதியின் நிறம் பார்க்கிறார், முகர்கிறார். ஏறத்தாழ இருபது ரகங்களாகப் பிரிக்கிறார். மெலிந்து நீண்ட முதல் ரகத்துக்கு ராக்னோ என்று இத்தாலியப் பெயர். இத்தாலியின் ஒவ்வொரு வட்டாரமும் எப்படிப்பட்ட மீனை விரும்பும் என்பது அவருக்குப் பாடம்.

இந்த மீனின் பயணம் மிகப் பழையது. இன்றைய வட ஜெர்மனியிலுள்ள ஹைதாபு என்ற வைக்கிங் காலத் துறைமுகத்தில் கிடைத்த காட் எலும்புகளின் மரபணுவை 2017இல் ஆராய்ந்து வெளியிட்டபோது, அவற்றில் சில ஆர்க்டிக் பகுதி மீன்கள் என்று தெரிந்தது. லொஃபோட்டன் தீவுகளில் தானியம் சரியாக விளையாது; மீனைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். இந்தப் பண்டமாற்று நடந்த இடம் நார்வேயின் பெர்கன் துறைமுகம். வணிக நகரங்களின் கூட்டணியான ஹன்சாவைச் சேர்ந்த ஜெர்மன் வணிகர்கள் 1360ஐ ஒட்டி அங்கே தங்கள் அலுவலகத்தை நிறுவி, வணிகத்தைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். மீனவர்களுக்கு முன்கூட்டியே கடனாகத் தானியம் கொடுத்து அவர்களைக் கட்டிப்போட்டதும் இந்த வணிகர்கள்தான். அங்குள்ள பழைய மரக் கிடங்குகள் 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

வெனிசுக்கு இந்த மீனை அறிமுகப்படுத்தியவர் என்று பியெத்ரோ குவெரினியைச் சொல்வார்கள். 1431இல் இந்த வெனிசுப் பிரபு கிரீட் தீவிலிருந்து மதுப் பீப்பாய்களோடு ஃப்ளாண்டர்ஸ் நோக்கிக் கப்பலில் கிளம்பினார். புயலில் சுக்கான் உடைந்து, கப்பல் வடக்கே அடித்துச் செல்லப்பட்டது. கப்பலில் இருந்த 68 பேரில் 11 பேர்தான் பிழைத்தார்கள். 1432இன் தொடக்கத்தில் அவர்களைக் கண்டெடுத்து மாதக்கணக்கில் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர்கள், லொஃபோட்டனின் தென்கோடியிலுள்ள ரொஸ்ட் தீவின் மீனவர்கள். மரம்போல் இறுகிய அந்த மீனை அடித்து நொறுக்கி, வெண்ணெய் சேர்த்துச் சாப்பிடுவதைக் குவெரினி எழுதி வைத்தார். கதை அருமையானதுதான். ஆனால் ஒரு மனிதர் ருசி பார்த்ததால் மட்டும் ஒரு நாடு உணவுப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது.

மாற்றியது விரதம். கத்தோலிக்கத் திருச்சபையின் நாள்காட்டியில் இறைச்சி தொடக்கூடாத நாள்கள் நிறைய. 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு கட்டுப்பாடு இறுகியது. கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்களில் அத்தனை நாளுக்கும் பச்சை மீனுக்கு எங்கே போவது? எடை குறைவான, கெடாத, மலை தாண்டிக் கொண்டுவரக்கூடிய காட் அந்த இடத்தை நிரப்பியது. வடக்கின் மீன் வளத்தைத் தெற்குக்கு எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் ஒலாவுஸ் மாக்னுஸ். சுவீடன் கத்தோலிக்கத்தை விட்டு லூத்தரன் வழிக்கு மாறியதால் இத்தாலியில் அடைக்கலம் புகுந்த பேராயர் இவர். வட நாடுகளின் வரைபடத்தை 1539இல் வெனிசிலும், வட மக்களைப் பற்றிய பெரிய நூலை 1555இல் ரோமிலும் வெளியிட்டார். அதற்குள் நார்வேயும் லூத்தரன் நாடாகிவிட்டிருந்தது. ஆக, கத்தோலிக்கர்களின் விரதத்துக்கு மீன் காயவைத்துக் கொடுத்தவர்கள், அந்த விரதத்தைக் கைவிட்டவர்கள்.

விசென்சாவின் அடுக்களையில் மீனை அடித்து, இரண்டு மூன்று நாள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைக்கிறார்கள். பிறகு வெங்காயம், பால், பாலாடைக்கட்டி, தாராளமாக ஆலிவ் எண்ணெய் சேர்த்து, கிளறாமல் நாலரை மணி நேரம் சிறு தீயில் வேகவைத்து, சோளமாவுக் களியோடு பரிமாறுகிறார்கள். வெனிசில் ஆலிவ் எண்ணெய் விட்டு வெண்ணெய்போல அடித்தெடுக்கிறார்கள். மெசினாவில் தக்காளியும் ஆலிவ் காயும் சேர்கின்றன. கொழுப்பில்லாததால் கெடாமல் வந்து சேர்ந்த மீனுக்கு, அந்தக் கொழுப்பைத் தெற்கு தன் எண்ணெயால் ஊட்டிவிடுகிறது.

விசென்சா அருகிலுள்ள சாந்திரிகோ என்ற சிற்றூரில் இந்த உணவைக் காப்பதற்கென்றே 1987இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் செப்டம்பரில் திருவிழாவும் நடக்கிறது. ரொஸ்ட் தீவும் சாந்திரிகோவும் இன்று சகோதர ஊர்கள். லொஃபோட்டன் உலர்மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் உண்டு. அதில் பெரும்பங்கை வாங்குவது இன்றும் இத்தாலிதான். விரதம் தளர்ந்து, குளிர்சாதனப் பெட்டி வந்த பிறகும் வாங்குகிறார்கள் என்றால், தேவைக்காக வந்த மீன் ருசிக்காகத் தங்கிவிட்டது என்று பொருள். இனி அதற்கு இருக்கும் ஆபத்து சந்தையில் இல்லை, வானிலையில் இருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிய அந்தக் குளிர் ஓரிரு டிகிரி நகர்ந்தாலும், முதலில் கணக்குத் தப்புவது லொஃபோட்டன் பரண்களில். அதன் விலை எழுதப்படுவது விசென்சாவின் உணவகங்களில்.