வாக்ஸ் போட்ட காருக்கு எந்த சோப்பு? புதுச்சேரி உப்புக் காற்றும் போர் தண்ணியும் சொல்லும் கணக்கு

மூணு மாசம் நிக்கும்னு சொல்லி வாக்ஸ் போட்டாங்க, நாலாவது தடவை கழுவுறப்பவே பளபளப்பு போச்சு. புதுச்சேரியில் கார் வைத்திருப்பவர்களின் வழக்கமான புலம்பல் இது. பழி முழுவதும் வாக்ஸ் டப்பாவின் மீதோ, அதைப் பூசிய கடைக்காரர் மீதோ விழுகிறது. ஆனால் பல நேரங்களில் குற்றவாளி வீட்டு வாசலிலேயே இருக்கிறது: பக்கெட்டில் கலக்கிய துணி சோப்புத் தூள், அல்லது சமையலறையிலிருந்து எடுத்து வந்த பாத்திரம் கழுவும் லிக்விட்.

காருக்கு அடிக்கும் பெயின்ட்டின் மேலே ‘கிளியர் கோட்’ என்று ஒரு கண்ணாடி போன்ற அடுக்கு உண்டு. அதன் தடிமன் சுமார் 50 மைக்ரான், ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. வாக்ஸும் சீலன்ட்டும் அதற்கும் மேலே உட்காரும் இன்னும் மெல்லிய படலம். கார்களுக்கான வாக்ஸில் பேர்போனது கார்னௌபா. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையில் படியும் மெழுகு அது. சீலன்ட் என்பது ஆலையில் தயாரான பாலிமர். பொதுவாக வாக்ஸ் சில வாரங்களிலிருந்து இரண்டு, மூன்று மாதம் வரை தாங்கும். சீலன்ட் அதைவிடக் கூடுதல் காலம் நிற்கும். இரண்டின் வேலையும் ஒன்றுதான்: தண்ணீரையும் அழுக்கையும் பெயின்ட்டில் ஒட்டவிடாமல் தள்ளி நிறுத்துவது. வாக்ஸ் போட்ட பானெட்டில் மழைத்துளி உருண்டு நிற்பது அதனால்தான்.

இப்போது சோப்புக்கு வருவோம். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனை பிசுக்கைப் பிடித்துக்கொள்ள, தண்ணீரை நாடும் முனை அதை இழுத்துக்கொண்டு போகிறது. சிக்கல் எங்கே என்றால், லாரி கக்கிய டீசல் பிசுக்கு எது, காசு கொடுத்துப் பூசிய மெழுகு எது என்று சோப்புக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டுமே அதற்கு எண்ணெய்ச் சொந்தம்தான். சோப்பு எவ்வளவு கடுமையானதோ, அவ்வளவு வாக்ஸும் கூடவே போகும்.

கடுமையை அளக்க எளிய வழி பி.எச். அளவு. 7 என்பது நடுநிலை. அதற்கு மேலே காரம், கீழே அமிலம். துணி துவைக்கும் தூளில் வாஷிங் சோடா சேர்ப்பதால், கரைத்த தண்ணீரின் பி.எச். 10-ஐத் தொடும், சிலவற்றில் தாண்டும். 7-க்கும் 10-க்கும் மூன்றே எண் வித்தியாசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால் இது ஆயிரம் மடங்கு காரம். சட்டைக் காலரின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத் தயாரித்த பொருளை மெழுகின் மேல் தேய்த்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குளியல் சோப்பும், ‘இயற்கையானது’ என்று விற்கும் கைத்தயாரிப்பு சோப்பும்கூட இதில் விதிவிலக்கு இல்லை. எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாகும் எந்த அசல் சோப்பும் பி.எச். 9, 10 அளவில்தான் இருக்கும். மென்மை கையில் தெரியலாம், மெழுகுக்குத் தெரியாது.

பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் சிக்கலான ஆள். பெரும்பாலும் அதன் பி.எச். நடுநிலைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறார்கள்? அது பிரியாணிக் குண்டானின் நெய்யை எடுப்பதற்காகவே செறிவாகத் தயாரிக்கப்படுகிறது. ஒரே தடவையில் வாக்ஸ் மொத்தமும் போய்விடும் என்பது மிகைதான். ஆனால் வாராவாரம் கழுவினால் மூன்று மாதம் நிற்க வேண்டியது ஒரு மாதத்திலேயே மெலிந்துவிடும். பழைய வாக்ஸைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட நினைப்பவர்கள் வேண்டுமென்றே இதைப் பயன்படுத்துவதும் உண்டு.

அவசரத்துக்குத் தலைக்குப் போடும் சாஷே ஷாம்புவைக் கிழித்து ஊற்றுபவர்களும் இங்கே உண்டு. (சாஷே ஷாம்புவைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுபோன சின்னி கிருஷ்ணன் பக்கத்து ஊரான கடலூர்க்காரர் என்பதால் இந்தப் பாசமோ என்னவோ.) துணி சோப்போடு ஒப்பிட்டால் இதில் காரம் குறைவுதான். ஆனால் முடிக்கு மினுமினுப்பு தர அதில் சேர்க்கும் சிலிக்கோனும் கண்டிஷனரும் பானெட்டில் மங்கலான படலமாக ஒட்டிக்கொள்ளும். சீயக்காய்த் தூள் பக்கமே போக வேண்டாம். அதன் பொருக்கு பெயின்ட்டில் கீறல் போடும்.

புதுச்சேரிக்கு மட்டும் ஏன் தனிக் கணக்கு?

கிழக்கே கடல், மேற்கிலும் வடக்கிலும் கோரிமேடு, ஆரோவில் பக்கத்துச் செம்மண். இந்த இரண்டும்தான் இங்குள்ள கார்களின் அன்றாட அழுக்கு.

கடற்கரைச் சாலைக்குப் பக்கத்துத் தெருக்களில் இரவு நிறுத்திய காரின் கண்ணாடியை விடிகாலையில் விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலோர இரவுகளில் அது சர்வசாதாரணம். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. உப்பு வெறும் தண்ணியிலேயே கரைந்துவிடும், சோப்பே தேவையில்லை. ஆகவே கடலோரவாசிகள் அடிக்கடி செய்ய வேண்டியது சோப்புக் குளியல் அல்ல, வெறும் தண்ணிக் குளியல். வாரம் ஒரு தடவை தண்ணி அடித்து அலசிவிட்டு, சோப்பை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொண்டாலே வாக்ஸின் ஆயுள் கூடும். அலசும்போது சக்கர வளைவுகளையும் கதவின் அடிவிளிம்பையும் விட்டுவிடக் கூடாது. துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். வாக்ஸ் எட்டாத இடமும் அதுதான்.

செம்மண்ணின் கதை வேறு. அது கரையாது, உரசும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். இங்கேதான் கார் ஷாம்புவின் இரண்டாவது வேலை வருகிறது: வழுவழுப்பு. மண்துகள் பெயின்ட்டில் உராயாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நுரை எவ்வளவு பொங்குகிறது என்பதைவிட, கரைசலைத் தொட்டு விரல்களைத் தேய்த்தால் எவ்வளவு வழுக்குகிறது என்பதே முக்கியம்.

அடுத்தது தண்ணீர். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணியில் உப்பு ஏறுவது புதுச்சேரிக்குப் பழகிப்போன தலைவலி. குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி ஒரு லிட்டரில் கரைந்துள்ள மொத்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை அனுமதி. கடினத்தன்மைக்கு அந்த எல்லைகள் 200, 600. கடினநீரில் அசல் சோப்பைக் கரைத்தால் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரிதிரியாகப் படியும். பாத்ரூம் வாளியின் உள்சுவரில் பார்க்கிறோமே, அதே கறை. அது வாக்ஸ் படலத்தின் மேல் ஒட்டினால் தண்ணீர் உருண்டு நிற்காது. வாக்ஸ் போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். கார் ஷாம்புகள் செயற்கை டிடர்ஜென்ட் வகை என்பதால் இந்தத் திரிதிரிப் பிரச்சினை அவற்றில் மிகக் குறைவு.

ஆனால் எவ்வளவு நல்ல ஷாம்புவாக இருந்தாலும், கடைசியாக ஊற்றிய போர் தண்ணி வெயிலில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகளை விட்டுச்செல்லும். நாள்பட்டால் அவை பெயின்ட்டையே அரிக்கும். அதை எடுக்க வினிகரைத் தேய்ப்பார்கள்; அமிலம் என்பதால் அந்த இடத்து வாக்ஸும் பலவீனமாகும். வீட்டு ஆர்.ஓ. மெஷினின் வேஸ்ட் தண்ணியை வீணாக்காமல் காருக்குப் பயன்படுத்துங்கள் என்று ஓர் அறிவுரை சுற்றுகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணியில்தான். அதைத் தோட்டத்துக்கும் ஊற்றாமல், வாசலோ கழிவறையோ கழுவப் பயன்படுத்தலாம்.

கடையில் என்ன பார்ப்பது?

‘பி.எச். நியூட்ரல்’, ‘வாக்ஸ் சேஃப்’ என்ற இரண்டு சொற்களையும் தேடுங்கள். முதல் சொல் மட்டும் இருந்தால் போதாது. பாத்திர லிக்விட் கதையில் பார்த்த மாதிரி, நடுநிலையாக இருந்தும் பிசுக்கை உரிக்கும் பொருட்கள் உண்டு. சிட்ரஸ், ஆரஞ்சு எண்ணெய், டீகிரீசர் என்றெல்லாம் பெருமையாகப் போட்டிருந்தால் அது வாக்ஸுக்கு ஆகாது. ‘ஸ்னோ ஃபோம்’ என்று விற்பவற்றில் நடுநிலையும் உண்டு, காரமும் உண்டு. லேபிளைப் படிக்காமல் வாங்க முடியாது. சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கூடப் பொருட்கள் விற்கும் கடையில் பி.எச். தாள் கிடைக்கும். பாட்டிலில் இருக்கும் கெட்டி ஷாம்புவில் அல்ல, பயன்படுத்தும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்த பிறகு நனைத்துப் பாருங்கள்.

‘வாஷ் அண்ட் வாக்ஸ்’ என்ற ரகத்தில் கழுவும்போதே கொஞ்சம் மெழுகையும் பூசிவிடுகிறார்கள். மெழுகு பூசிய காருக்கு அது பரவாயில்லை. சீலன்ட், செராமிக் போட்டவர்கள் தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே உள்ள வலுவான படலத்தின் மேல் பலவீனமான இன்னொன்று ஏறி, அழுக்கை இழுக்கும்.

அளவையும் பார்க்க வேண்டும். 10 லிட்டர் பக்கெட்டில் 30 மில்லி என்று எழுதியிருந்தால் 30 மில்லிதான். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் சுத்தமாகும் என்ற நம்பிக்கையில் மூடி மூடியாக ஊற்றினால், அலசிப் போகாத மிச்சம் படலமாக நிற்கும். பாட்டிலைச் சாய்த்து நேராக பானெட்டில் விடுவது அதைவிட மோசம்.

வாட்டர் சர்வீஸுக்கு விடுபவர்கள் உள்ளே போவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: “அண்ணா, என்ன ஷாம்பு போடுறீங்க? கேன் காட்டுங்க.” லாரியையும் டிராக்டரையும் சுத்தம் செய்யும் காரக் கரைசலே காருக்கும் போகும் இடங்கள் உண்டு. சேற்றைச் சீக்கிரம் எடுக்கும், வாக்ஸையும் சேர்த்தே. துரு பிடிக்காமல் இருக்க அடியில் டீசல் அடிக்கும் பழக்கமும் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. டீசல் மெழுகைக் கரைக்கும், ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நல்லெண்ணத்தோடு அடித்துவிடுவார்கள்.

வாக்ஸ் போச்சா, இல்லையா?

தண்ணீர் உருண்டு நிற்கவில்லை என்றதும் புது வாக்ஸுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். முதலில் பானெட்டில் ஓர் ஓரத்தை நடுநிலை ஷாம்பு போட்டு நன்றாகக் கழுவி, நிறைய தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவிட்டு, சுத்தமான தண்ணியைத் தெளித்துப் பாருங்கள். துளி மறுபடி உருண்டால், உள்ளே படலம் இருக்கிறது. மேலே அழுக்கோ சோப்பு மிச்சமோ மூடியிருந்தது என்று பொருள். அப்போதும் தட்டையாகப் படர்ந்து நின்றால்தான் புதிதாகப் போடும் நேரம்.

கழுவும் நேரம் விடிகாலை அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. தகரம் சுட்டால் சோப்பு அலசுவதற்குள் காய்ந்துவிடும். மேலிருந்து கீழே கழுவி, அலசியதும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இந்த ஊர் தண்ணியைத் தானாகக் காயவிடக் கூடாது. கடைசி அலசலுக்கு உப்பில்லாத தண்ணி வேண்டுமென்றால் காசு கொடுத்து 20 லிட்டர் கேன் வாங்க வேண்டியதில்லை. ஏ.சி. வெளியே சொட்டும் தண்ணி காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது, அதில் உப்பு அநேகமாக இல்லை. புதுச்சேரியின் புழுக்கத்தில் ஓர் இரவு ஓடினால் கடைசி அலசலுக்குத் தேவையான அளவு பக்கெட்டில் சேர்ந்துவிடும். பைப்பின் அடியில் பக்கெட்டை வைக்க மறக்காமல் இருந்தால் சரி.